பேசாப் பொருளின் வாக்குமூலம்

சென்ற மாதத்தில் ஒருநாள் வைகறைப் பொழுதில், கூரைமீது மழை பெய்வது போன்ற ஓசை கேட்டு விழித்தோம். வெளியே வந்து பார்த்தால் வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. நம் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரம்பி, விளிம்பு கடந்து, தாழ்வாரத்து ஓடுகளில் விழுந்து, முற்றத்தை வாய்க்காலாக்கிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் நீரிறைக்கும் மோட்டர் இரவெல்லாம் ஓடிய களைப்பில் முனகியது. தொட்டுப் பார்த்தோம், கை பொறுக்காத சூடு.

இவ்வாறு நிகழ்ந்தது அன்று முதல் தடவையன்று. இரண்டு கிழமைக்குள் மூன்றாந் தடவை. மோட்டரைக் கையால் இயக்கும் ஆளி ஒன்று கிணற்றடிச் சுவரில் உண்டு. இரவில் கடைசியாகக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போகிறவன் நம் இளைய மகன். வயது பதினான்கு. குற்றவாளி யார் என்று நாம் தீர்மானிப்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

“நான் தொடவில்லை, அப்பா” என்றான்.

“நீ தொடாமல் ஆளி தானாகவே விழுந்ததோ?” என்றோம்.

அவன் மறுமொழி சொல்லவில்லை. மாலை விளையாட்டு ஒரு கிழமைக்கு இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டுக் கல்லூரிக்குப் புறப்பட்டோம். அன்று முதலாம் பாடம் தருக்கவியல் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நிற்க. மோட்டரைத் தானாக இயக்கி நிறுத்தும் சிறு கருவி ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. நம்மிடம் படித்து, பின்னர் பொறியியல் கற்று, இன்று கொழும்பிலே தொழில் பார்க்கும் பழைய மாணாக்கர் ஒருவர், ஆசிரியருக்கு அன்பளிப்பாகத் தம் கையாலேயே செய்து தந்தது. தாங்கியில் நீர் குறைந்தால் மோட்டரை ஓட்டும், நிரம்பினால் நிறுத்தும், எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் ஏறியது என்பதை வைஃபை வழியாக நம் கைத்தொலைபேசிக்கும் அறிவிக்கும். சவர்க்காரப் பெட்டியளவு உறை. அதனுள்ளே தபால் முத்திரை அளவான ஒரு நுண்கணினி. இத்தகைய நுண்கணினிகள் இன்று சலவை இயந்திரத்தில் உள்ளன. மோட்டர் வாகனத்தில் உள்ளன. வைத்தியசாலையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவியிலும் உள்ளன. அவற்றுக்குத் திரையில்லை, விசைப்பலகை இல்லை. ஒரு வேலைக்கென்றே பிறந்து, அந்த வேலைக்குள்ளேயே ஒளிந்து வாழ்கின்றன.

திரையில்லாத கணினிக்கு நோய் வந்தால் அறிவது எப்படி? பேசத் தெரியாத குழந்தைக்கு வருத்தம் வந்தாற் போலத்தான். ஆயினும் கருவியைச் செய்தவர்கள் அதற்கு ஒரு சிறு வாயைக் கொடுத்திருக்கிறார்கள். தான் செய்கின்ற ஒவ்வொரு காரியத்தையும் அது வரி வரியாகச் சொல்லிக்கொண்டேயிருக்கும். “விழித்தேன்”, “நீர்மட்டம் பார்த்தேன்”, “மோட்டரை ஓட்டினேன்” என்றவாறு ஒரு கம்பியின் வழியே எழுத்துக்களை அனுப்பும். கேட்பாரிருந்தால் அது வாக்குமூலம். கேட்பாரில்லையேல் காற்றில் கரைந்த பேச்சு. இந்த வரிகளுக்கு ‘லொக்’ என்று பெயர். கப்பலின் வேகத்தை அளப்பதற்கு மாலுமிகள் கயிற்றிற் கட்டி நீரில் எறிந்த மரத்துண்டின் பெயர் அது. அளந்த கணக்கை எழுதிய ஏடும் அப்பெயர் பெற்றது. கடலிலிருந்து கணினிக்கும் அப்பெயர் வந்தது.

கணினி லொக்குகளுள் உலகப் புகழ் பெற்ற ஒரு பக்கம் உண்டு. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னும் கணினி பிழைபட்டது. திறந்து பார்த்தவர்கள் ஓர் அஞ்சல் ஆளிக்குள்ளே அந்துப்பூச்சியொன்று அகப்பட்டிருக்கக் கண்டனர். அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, பூச்சி மெய்யாகவே அகப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்று வேடிக்கையாகக் குறித்தும் வைத்தனர். இயந்திரத்தின் குறையைப் ‘பூச்சி’ என்று சொல்லும் வழக்கம் அதற்கும் முன்னையது. எடிசன் 1878இலேயே அச்சொல்லை எழுதியிருக்கிறார். ஆயினும் அந்தப் பூச்சியும் அந்த ஏடும் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அரும்பொருட்சாலையின் சேகரிப்பில் இன்றும் பேணப்படுகின்றன. குறையைப் பிடித்தவர் அதை எழுதியும் வைத்தார் என்பதுதான் நாம் ஈண்டுக் கவனிக்க வேண்டியது.

எழுதி வைப்பதன் அருமையை இன்னொரு கதை தெளிவாகக் காட்டும். 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆந் திகதி, மார்ஸ் பாத்ஃபைண்டர் என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. அதனுள்ளிருந்து சோஜோர்னர் என்ற சிறு வண்டி உருண்டு வெளிவந்து மண்ணில் ஓடியது. உலகமே கண்டு களித்தது. சில நாட்களுக்குள் கலத்தின் கணினி காரணமின்றித் தன்னைத் தானே அணைத்து மீளத் தொடங்கலாயிற்று. அவ்வாறு நிகழுந்தோறும் அன்றைய வேலையில் மிகுதி மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. கருவியோ கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால். திறந்து பார்க்க ஒருவரும் போக முடியாது.

கலிபோர்னியாவின் பசதீனா நகரில் உள்ள ஜெற் புரொபல்ஷன் ஆய்வுகூடத்துப் பொறியியலாளர்கள் செய்தது என்ன? விண்கலத்தின் கணினியைப் போன்ற இரட்டைப் பிறவியொன்று ஆய்வுகூடத்தில் இருந்தது. உள்ளே எந்த வேலை எப்போது தொடங்கிற்று, எது எதற்காகக் காத்திருந்தது என்பதை விடாமல் எழுதும் வசதியைத் திறந்து, அதை ஓடவிட்டனர். அதே நோய் அங்கும் தோன்றும்வரை ஓட்டினர். தோன்றியதும் எழுதியிருந்ததைப் படித்தனர், காரணம் புலப்பட்டது.

அந்தக் காரணத்தைக் கல்லூரி வழக்கில் சொல்லலாம். ஆய்வுகூடத்தின் சாவி ஒரு சிறு மாணவன் கையில் இருக்கிறது. அதிபருக்கு அந்தச் சாவி அவசரமாக வேண்டும். மாணவன் கொண்டு வரும் வழியில் ஆசிரியர் ஒருவர் அவனை மறித்துத் தம் காரியத்தை முடிக்கும்வரை நிறுத்தி வைக்கிறார். ஆசிரியருக்கு மாணவன்மீது அதிகாரம் உண்டு; ஆகையால் அவன் நிற்கிறான். அதிபர் காத்திருப்பது ஆசிரியருக்குத் தெரியாது. இதற்கிடையில், அதிபர் குறித்த நேரத்தில் வரவில்லை என்று கண்ட காவலாளி ஏதோ விபரீதம் என்றஞ்சி மணியடித்துக் கல்லூரியையே கலைத்துவிடுகிறான்! செவ்வாயிலும் இதுவே நடந்தது. காலநிலைத் தகவல் சேர்க்கும் கீழ்நிலை வேலை சாவியை வைத்திருந்தது. இடைநிலை வேலைகள் அதை மறித்தன. கலத்தின் உள்ளே தகவலைப் பகிரும் மேனிலை வேலை காத்து நின்றது. கண்காணிக்கும் பகுதி மணியடித்தது. பரிகாரமும் எளிது. அதிபர் எதிர்பார்க்கும் சாவியை வைத்திருப்பவனுக்கு, அதைக் கொடுக்கும்வரை அதிபரின் மதிப்பையே கொடுத்துவிடுவது. அந்த ஏற்பாடு கணினியின் மென்பொருளில் முன்பே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து ஒரு திருத்தம் அனுப்பி அதைத் திறந்தனர். நோய் தீர்ந்தது. முப்பது நாளுக்கென்று திட்டமிட்ட அக்கலம் செப்டெம்பர் மாதக் கடைசிவரை தகவல் அனுப்பியது.

இதில் நம் மனத்தைத் தைப்பது வேறொன்று. ஏவுவதற்கு முன்னர் நடந்த சோதனைகளிலேயே இந்த நோய் ஓரிரு முறை தலைகாட்டியது. மறுபடி வரவழைக்க முடியாமையால் வேறு அவசர வேலைகளுக்கு இடையில் அது ஒதுக்கப்பட்டது. யார் சொல்லுக்குச் செவி கொடுக்கவில்லையோ அவர் சொன்னது உண்மையாகிவிடுகிறது. “நான் தொடவில்லை, அப்பா” என்பதையும் நாம் அப்படித்தான் ஒதுக்கினோம்.

இனி நம் கதைக்கு வருவோம். விடுமுறையில் வந்த மாணாக்கர் செய்தி கேட்டதும் துடித்துப் போனார். “சேர், என்னுடைய கருவியில் குறையிருந்தால் நான்தான் பார்க்க வேண்டும்” என்று தம் மடிக்கணினியைத் திறந்தார். இக்காலத்துப் பொறியியலாளர் பலரைப் போல அவருக்கும் செயற்கை நுண்ணறிவு ஒன்று துணையாக இருக்கிறது. கருவியின் நிரலை அதற்குக் காட்டி, “இரவில் மோட்டர் நிற்கவில்லை, காரணம் என்ன?” என்று கேட்டார்.

அது உடனே மறுமொழி தந்தது. நீர்மட்டம் பார்க்கும் உணரியில் ஈரம் படிந்து அது பொய்யான அளவைக் காட்டுகிறது என்றது. நடை தெளிவாக இருந்தது, நியாயங்கள் வரிசையாக இருந்தன, நாமே தலையசைத்தோம். புதிய உணரி வாங்கிப் பொருத்தினோம். இரண்டு இரவு அமைதி. மூன்றாம் இரவு மீண்டும் கூரைமேல் மழை.

இதிலே அந்த நுண்ணறிவைக் குறை கூறுவது முறையன்று. அதற்கு என்ன தெரியும்? எண்ணற்ற நூல்களையும் நிரல்களையும் படித்துத் தேறிய மொழியறிவு அது. ஆனால் கண்ணில்லை, கையில்லை. நம் கிணற்றடியில் அன்றிரவு நடந்ததை அது கண்டதில்லை. உலகத்தில் இத்தகைய கருவிகள் பெரும்பாலும் எதனால் கெடுமோ அதைச் சொன்னது. நாமும் அதைத்தானே செய்தோம்? உலகத்தில் பதினான்கு வயதுப் பையன்கள் பெரும்பாலும் எதைச் செய்வார்களோ அதை வைத்து நம் பையனுக்குத் தண்டனை கொடுத்தோம்.

“அப்படியானால் அதற்குக் கண்ணைக் கொடுத்துப் பார்ப்போம், சேர்” என்றார் மாணாக்கர்.

கண் கொடுப்பது என்றால் என்ன? நுண்ணறிவு தானாக எதையும் தொட முடியாது. எழுத மட்டுமே முடியும். ஆகவே அதற்குச் சில சிறு ஏவல்களின் பட்டியலைக் கொடுக்கிறார்கள். ‘கருவியின் பேச்சை இத்தனை செக்கனுக்குக் கேட்டுச் சொல்’ என்பது ஓர் ஏவல். ‘சேர்த்து வைத்த குறிப்பில் இந்தச் சொல்லைத் தேடு’ என்பது இன்னொன்று. எது தேவையோ அதை அது எழுத்தில் கேட்கும். மடிக்கணினியில் உள்ள சாதாரண நிரலொன்று அதைச் செய்து விடையைத் திருப்பிக் கொடுக்கும். விடையைப் படித்து அடுத்ததைக் கேட்கும். இவ்வாறு பார்த்து, நினைத்து, மறுபடி பார்த்துச் செல்லும்போது அதனை முகவர் என்கிறார்கள். இந்த ஏவல்களை எல்லோரும் ஒரே விதமாக எழுதிக் கொடுப்பதற்கென 2024 நவம்பரில் அன்த்ரோபிக் என்னும் நிறுவனம் ஒரு பொது நியமத்தை வெளியிட்டது. சுவரில் ஒரே வடிவான மின்துளை இருந்தால் எந்தக் கருவியையும் மாட்டலாம் அல்லவா? அதுபோன்றது அது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்வதில் மூன்று இடறல்கள் வந்தன. அவற்றைச் சொல்வது பயனுடையது என்று கருதுகிறோம்.

முதல் இடறல்: மடிக்கணினியைக் கருவியோடு யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் வாயைத் திறந்த அக்கணமே கருவி மீளத் தொடங்கிவிட்டது. இத்தகைய சிறு கணினிப் பலகைகள் பலவற்றின் இயல்பு அது. புதிய நிரலை ஏற்றுவதற்கு வசதியாக, இணைப்பைத் திறந்ததும் பலகை தன்னை மீளத் தொடங்கும்படி அமைத்திருக்கிறார்கள். முந்திய இரவின் நினைவெல்லாம் அழிந்தது. சாட்சியை விசாரிக்கச் சென்றவர் கதவைத் தட்டிய அதிர்ச்சியிலேயே சாட்சி நினைவிழந்ததை ஒக்கும்.

இரண்டாம் இடறல்: கருவியின் பேச்சுக்கு முடிவு கிடையாது. கேட்கத் தொடங்கிய முகவர் அது முடியும்வரை காத்திருந்தால் யுகம் கழியும். ஆகையால் இத்தனை செக்கன், அல்லது இன்ன சொல் வரும்வரை, என்று எல்லை கட்ட வேண்டும். அன்றியும் இரவு முழுவதும் சேர்ந்த பல்லாயிரம் வரிகளையும் அதன்முன் கொட்டுவதும் தகாது. ஒரே நேரத்தில் அது மனத்தில் வைத்திருக்கக்கூடிய எழுத்துக்கு ஓர் அளவுண்டு. அளவுக்குட்பட்டதாயினும் குப்பை மிகுந்தால் மணி மறையும். மாணாக்கர் வேறு ஏற்பாடு செய்தார். பேச்சு முழுவதையும் நேரக் குறியோடு ஏட்டில் எழுதிக்கொண்டேயிருப்பது ஒரு சிறு நிரலின் வேலை. முகவர் அந்த ஏட்டில் வேண்டிய இடத்தைத் தேடிப் படிப்பார். எழுத்தர் வேறு, நீதவான் வேறு.

மூன்றாவதுதான் நுட்பமானது. இரண்டு இரவு எழுதியும் நோய் வரவில்லை. முகவரைக் கேட்டபோது அது சொன்ன மறுமொழியை நாம் மறக்கமாட்டோம்: இந்த ஏட்டில் கருவி ஒருமுறையேனும் மீளத் தொடங்கவில்லை, மோட்டரும் ஒழுங்காக நின்றிருக்கிறது, ஆகையால் காரணம் சொல்லப் போதிய சான்றில்லை என்றது. முன்னர் அத்துணை உறுதியாக உணரியைக் குற்றஞ்சாட்டிய அதே நுண்ணறிவு! கண் பெற்ற பின் அது கற்ற முதற்பாடம் தெரியாததைத் தெரியாது என்பது. மாணாக்கர் சிறிது நேரம் சிந்தித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “சேர், யூஎஸ்பி கம்பி பேச்சைக் கொண்டு வருவதோடு மின்சாரத்தையும் கொடுக்கிறது. கருவி இப்போது என் மடிக்கணினியின் மின்கலத்தில் சுகமாக வாழ்கிறது. நோய் வீட்டு மின்சாரத்தில் இருந்தால் எப்படித் தெரியும்?” என்றார். கம்பியைக் கழற்றி, பேச்சு வரும் இழையையும் நிலத்தொடுப்பு இழையையும் மாத்திரம் தனியாக இணைத்தார். கருவி பழையபடி வீட்டு மின்சாரத்துக்கே திரும்பியது.

பேச வைப்பதே நோயை மாற்றிவிடும் என்பதும் உண்மை. இத்தகைய கம்பிகளில் வழக்கமான வேகம் செக்கனுக்கு 1,15,200 பிற்று. ஓர் எழுத்துக்குப் பத்துப் பிற்று வீதம், எண்பது எழுத்துள்ள ஒரு வரி செல்ல ஏறக்குறைய ஏழு மில்லிசெக்கன் ஆகும். மனிதருக்கு அது ஒன்றுமில்லை, நுண்கணினிக்கோ நெடும்பொழுது. நேரத்தைச் சார்ந்த பிழையானால், பேச்சைக் கூட்டினால் மறையும், குறைத்தால் தோன்றும்.

அன்றிரவு மாணாக்கர் நம் வீட்டு விறாந்தையிலேயே படுத்தார். பின்னிரவில் தாங்கி வழியும் ஓசை கேட்டு எழுந்து மோட்டரை நிறுத்தினார். காலையில் முகவரை ஏவினார். நாமும் அருகில் கதிரையிட்டு அமர்ந்தோம். நம் மகனும் கதவோரத்தில் வந்து நின்றான்.

முகவர் முதலில் ‘மீளத் தொடங்கல்’ என்ற சொல்லைத் தேடியது. இரண்டு இடங்களில் அகப்பட்டது: பகலில் ஒன்று, பின்னிரவு 2.17க்கு ஒன்று. பின்னிரவு இடத்துக்கு முன்னும் பின்னும் ஐம்பது வரிகளைக் கேட்டு வாங்கியது. அங்கே கருவி தன் மொழியில் சொல்லியிருந்தது இவ்வளவே: மின்னழுத்தம் தாழ்ந்தது, மீளத் தொடங்குகிறேன். முன்னைய நிலை, மோட்டர் ஓட்டம், தொடர்கிறேன். வைஃபையைத் தேடுகிறேன். வைஃபையைத் தேடுகிறேன். வைஃபையைத் தேடுகிறேன். அதன்பின் இதே வரி, மாணாக்கர் மோட்டரை நிறுத்திய பின்னும், விடியும்வரை. நீர்மட்டம் பார்த்தேன் என்ற வரி அதற்குப் பின் ஒன்றுகூட இல்லை.

பிறகு அது பகலில் நிகழ்ந்ததைப் பார்த்தது. அங்கும் மின்னழுத்தம் தாழ்ந்திருந்தது, கருவி மீண்டிருந்தது, மோட்டரைத் தொடர்ந்திருந்தது. ஆனால் நான்கு செக்கனில் வைஃபை அகப்பட்டது. உடனே நீர்மட்டம் பார்த்தது. உரிய நேரத்தில் மோட்டரை நிறுத்தியது. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு நிரலில் அந்த வரி எழுதப்பட்ட இடத்தைத் திறந்தது. வைஃபை அகப்படும்வரை காத்திரு என்று மாணாக்கர் எழுதியிருந்தார். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. மின்வெட்டின் பின் மோட்டர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று எழுதியதும் அவரே. ஒவ்வொன்றும் நல்லெண்ணம், இரண்டும் ஓரிரவில் சந்தித்தபோது வெள்ளம்.

முகவர் காரணத்தைச் சொல்லியதோடு அமையவில்லை; ஒரு கேள்வியும் கேட்டது. மூன்று இரவுகளிலும் ஏறக்குறையப் பத்து மணிக்கு வைஃபை மறைந்திருக்கிறது. அது தானாக நிகழ்கிறதா, யாரேனும் நிறுத்துகிறார்களா என்றது.

மாணாக்கர் நம்மைப் பார்த்தார். நாம் இல்லத்தரசியாரைப் பார்த்தோம். “இஞ்சேருங்கோ, பிள்ளைகள் இரவிரவாகத் தொலைபேசி பார்க்கிறார்கள் என்று நீங்கள்தானே பத்து மணிக்குப் பெட்டியை நிற்பாட்டச் சொன்னீர்கள்?” என்றார் அவர்.

மறுமொழி சொல்ல நமக்கு வாய் எழவில்லை. ஏட்டில் இல்லாத அந்த ஒரு வரி நம் வீட்டுக்குள் இருந்தது. கருவிக்கு அது தெரியாது, முகவருக்கும் தெரியாது, கேட்கத் தெரிந்தது.

அன்று முற்பகலிலேயே சோதித்தோம். வைஃபைப் பெட்டியை அணைத்து, மோட்டர் ஓடும்போது கருவியின் மின்சாரத்தை நொடிப்பொழுது துண்டித்து மீளக் கொடுத்தார் மாணாக்கர். சொன்னபடியே நடந்தது, தாங்கி நிரம்பியும் மோட்டர் நிற்கவில்லை. அதன்பின்னரே நிரலைத் திருத்தினார். விழித்ததும் முதலில் நீர்மட்டம் பார். வைஃபைக்கு அரை நிமிடத்துக்குமேல் காத்திராதே. என்ன நேர்ந்தாலும் மோட்டர் தொடர்ந்து நாற்பது நிமிடத்துக்குமேல் ஓடலாகாது. பரிகாரம் இம்மூன்றே.

இவ்வளவு கெட்டிக்கார முகவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். நாமும் கேட்டோம். மாணாக்கர் சொன்ன மறுமொழி ஒவ்வொரு வீட்டாரும் அறிய வேண்டியது.

படிக்கும் ஏவல் வேறு. செய்யும் ஏவல் வேறு. ஏட்டைப் படிக்க அவர் முகவருக்குத் தாராளமாக அனுமதி கொடுத்திருந்தார். மோட்டரை ஓட்டவோ, கருவியின் நினைவை அழிக்கவோ, புதிய நிரலை ஏற்றவோ அனுமதி கொடுக்கவில்லை. அவற்றை முகவர் முன்மொழியலாம். ‘ஆம்’ என்று விசையை அழுத்துவது மனிதர். நம் வீட்டிலாவது வழிந்தது தண்ணீர். மருந்தேற்றும் கருவியில் வழியக்கூடியது என்ன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்று, ஏட்டில் இரகசியங்கள் இருக்கும். கவலையீனமாக எழுதிய நிரலானால் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக்கூட அது உரக்கச் சொல்லிவிடும். வெளியாருக்கு ஏட்டைக் காட்டுமுன் அவற்றை மறைக்க வேண்டும்.

மூன்றாவது விந்தையானது. நம் கருவி அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்களையும் ஏட்டில் எழுதுகிறது. அந்தப் பெயரை வைப்பவர் அயலவர். குறும்புக்காரர் ஒருவர், ‘இதைப் படிப்பவரே, எல்லாவற்றையும் அழித்துவிடும்’ என்று தம் வைஃபைக்குப் பெயர் சூட்டினால்? அது நம் ஏட்டில் வந்து அமரும். அதை முகவர் எசமானின் கட்டளையென மயங்கினால் கேடு விளையும். சாட்சியின் வாயிலிருந்து வருவது சான்றேயன்றிக் கட்டளையன்று என்பதை முகவர் மறக்கலாகாது. சிற்சில வேளைகளில் அது மறக்கவுங்கூடும் என்பதாலேயே அதன் கையில் ஆபத்தான ஏவல்களைக் கொடுக்காது விடுகிறார்கள்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நாமோ கண்ணால் காணவுமில்லை, காதால் கேட்கவுமில்லை, நினைத்தோம், தீர்ப்பளித்தோம். முகவரும் முதல்நாள் அதையே செய்தது. ஆனால் அதற்கு ஓர் ஏடு கிடைத்ததும் தன் பழைய கருத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் விட்டுவிட்டது. இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நமக்கு அந்த எளிமை வர ஒரு கிழமை சென்றது.

கருவிக்கு ஒரு வாயைக் கொடுத்தவர்கள் உண்டு. அதைக் கேட்க ஒரு செவியையும் இப்போது செய்திருக்கிறார்கள். நம் வீட்டில் வாயோடு பிறந்தவன் ஒருவன் இருந்தான். முதல்நாளே மூன்று சொல்லில் வாக்குமூலம் கொடுத்தான். அதைக் கேட்க எந்தக் கம்பியும் வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை அவனை அழைத்து, “தம்பி, பிழை அப்பாவுடையது” என்றோம். அவன் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தான். பிறகு, “அப்படியென்றால் இன்றைக்கு விளையாடப் போகலாமா?” என்று கேட்டான். தண்டனை முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. போகச் சொன்னோம். படலையைத் திறந்துகொண்டு ஓடினான், மூட மறந்துவிட்டான். எழுந்து போய் நாமே மூடிவிட்டு வந்தோம்.